கொடையும் மெய்ச்சொல்லும்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது நம் முன்னோர் வழங்கி வந்த பழமொழி. விலையின்றி வந்த பொருளில் குற்றம் காண்பது பண்பன்று என்பது அதன் கருத்து. இதனை மறுத்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும், மாடு கட்டி உழுகிற குடியானவர் ஒருவரைக் கேட்டால் அவர் இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்வார். கொடுத்தவர் எதிரில் நின்றுகொண்டு பல்லைப் பார்க்க வேண்டாம். ஆனால் ஏரில் பூட்டுவதற்கு முன் பார்த்தே தீர வேண்டும் என்பார். பாராமல் பூட்டினால் துன்புறுவது உழுபவன் மட்டுமல்லன். வாயற்ற மாடும் துன்புறும். நிலமும் தரிசாய்க் கிடக்கும்.

மனத்திற்கு ஒவ்வாத கொடை ஒன்று நம் கைக்கு வரும்போது என்ன சொல்வது? மெய்யைச் சொன்னால் கொடுத்தவர் மனம் நோகும். முகம் மலர வாங்கிக்கொண்டால் நம் மனமே நம்மைச் சுடும். இச்சங்கடத்தை அறியாத குடும்பம் ஒன்றும் இராது. இது வீட்டுக்குள் நிகழும் சிறு சங்கடம் என்று பலரும் எண்ணுவர். ஆனால் கடலூர், சிதம்பரம் வட்டாரங்கள் கடந்த சில ஆண்டுகளில் கண்டவற்றை நினைத்துப் பார்த்தால், இது ஊரையும் நாட்டையும் பற்றிய பெரிய விஷயம் என்பது விளங்கும்.

நம் சங்க அங்கத்தினர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. தமிழர் ஒருவருக்கொருவர் மிகுதியாகக் கொடுத்துக்கொள்ளும் பொருள் எது? துணிதான். பிள்ளை பிறந்தால் துணி, பெண் பெரியவளானால் தாய்மாமன் எடுத்துவரும் புடவை, திருமணத்திற்குக் கூறை, தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டு வேட்டி, இறுதியில் கோடி. அதற்கு அடுத்தபடி பொங்கல் சீரில் வரும் கரும்பும், மஞ்சள் கொத்தும், புது அரிசியும், வாழைத்தாரும். முன்னது நெசவாளர் கைப்பொருள். பின்னது விவசாயி கைப்பொருள். ஆகவே நாட்டில் ஒரு கொடை நன்றாயிருந்தது என்றாலும் நன்றாயில்லை என்றாலும் அச்சொல் கடைசியில் நம் வாசலுக்கே வந்து சேர்கிறது.

கடற்கரையில் குவிந்த துணி

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சுமத்ரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு முதலாகத் தெற்கே புதுக்குப்பம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வரையுள்ள மீனவர் குப்பங்கள் சில நிமிடங்களில் சிதைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. வீடு போயிற்று, வலை போயிற்று, கட்டுமரம் போயிற்று. பல வீடுகளில் பெற்ற பிள்ளைகளும் போயினர்.

அந்நாளில் நாடு முழுவதும் இரங்கிய இரக்கம் சிறிதன்று. எங்கெங்கிருந்தோ லாரிகள் வந்தன. அரிசி, பாத்திரம், பாய், மருந்து ஆகியவற்றோடு மூட்டை மூட்டையாகப் பழைய துணிகளும் வந்து இறங்கின. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் அத்துணிகள் சாலை ஓரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன. கட்டிக்கொள்ள மாற்றுத் துணி இல்லாதிருந்த அம்மக்களே அவற்றை எடுக்கவில்லை. மழையிலும் மணலிலும் அவை கிடந்து மக்கின. பழைய துணி அனுப்ப வேண்டாம் என்று நிவாரணப் பணியில் இருந்தோர் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

இதைக் கேள்விப்படும் ஒருவர், "உடுக்க உடையில்லாதவர்களுக்கு இவ்வளவு வீம்பா?" என்று எண்ணக்கூடும். சற்று நின்று ஆராய்ந்தால் இவ்வெண்ணம் தவறு என்பது புலனாகும்.

முதலாவதாக, அக்குப்பத்து மக்கள் இரந்துண்டு வாழ்ந்தவர்கள் அல்லர். கடலையே வயலாகக் கொண்டு, தம் கை உழைப்பால் உண்டு உடுத்தியவர்கள். முந்தின நாள் வரை பிறருக்குக் கொடுத்த கை அது. ஒரே காலையில் உடைமையை இழந்தார்களேயன்றித் தன்மதிப்பை இழக்கவில்லை. இரண்டாவதாக, துணியைப் பற்றி நம் நாட்டில் ஆழமான வழக்கம் ஒன்று உண்டு. இழவு வீட்டிற்கு உறவினர் புதுத் துணியே கொண்டு வருவர். இறந்தவர் உடுத்திய துணியை வீட்டில் வைத்துப் புழங்குவதில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவர் உடுத்திக் கழித்த துணி, இழவு நீங்காத வீட்டிற்கு வரும்போது அது எப்படிப் படும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மூன்றாவதாக, வந்தவற்றில் பல அவ்வூர்ப் பெண்டிரும் ஆடவரும் உடுத்தும் உடையே அல்ல. கடலுக்குப் போகிறவனுக்குக் கைலியும், மீன் கூடை சுமக்கிறவளுக்குப் பருத்திப் புடவையும் வேண்டும். வேறு எதைக் கொடுத்தாலும் அது சுமையேயன்றி உடையாகாது.

இவ்விடத்தில் கொடுத்தவர்கள் பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும். செய்தியைக் கேட்டவுடன் கண்ணீரோடு பெட்டியைத் திறந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தவர் பலர். இதுதான் தக்க சமயம் என்று கிழிசலையும் பொத்தான் போனதையும் கழித்துவிட்டவர் சிலர். இருவர் துணியும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டன. வாங்குகிறவர் எந்த மனத்தை எந்தத் துணியில் காண்பார்? நல்ல மனத்தோடு கொடுத்த துணியும் கழிவுத் துணியோடு சேர்ந்து கழிவாகவே போயிற்று. அனுப்பிய லாரியின் வாடகையும், ஏற்றி இறக்கிய கூலியும், பிரித்தெடுக்கத் தொண்டர்கள் செலவிட்ட நாள்களும் அத்துடன் சேர்ந்து வீணாயின.

மீனவர்கள் யாரையும் ஏசவில்லை. வந்த லாரியைத் திருப்பி அனுப்பவும் இல்லை. வேண்டியதை ஏற்றார்கள், வேண்டாததைத் தொடாமல் விட்டார்கள். அவர்கள் சொன்ன மெய்ச்சொல் அதுவே. அச்சொல்லால் விளைந்த நன்மை பெரிது. டெல்லியில் 1999-ஆம் ஆண்டு அன்ஷு குப்தா என்பவர் தொடங்கிய 'கூஞ்ச்' என்னும் தொண்டு நிறுவனம், தமிழகக் கடற்கரையில் இவ்வாறு கேட்பாரற்றுக் கிடந்த துணிகளைத் திரட்டித் தரம் பிரிக்கும் வேலையை மேற்கொண்டது. உடுக்கத் தக்கதை உடையாகவும், கிழிந்த பருத்தித் துணியை வேறு பயன்பாட்டுப் பொருள்களாகவும் ஆக்குவது அதன் முறை. கொடுப்பவரின் பெருமைக்காக அன்றிப் பெறுபவரின் மானத்தைக் காத்துக் கொடுக்க வேண்டும் என்பதை அந்நிறுவனம் தன் கொள்கையாக நாடெங்கும் எடுத்துரைத்து வருகிறது. அன்ஷு குப்தாவுக்கு 2015-ஆம் ஆண்டு மகசேசே விருது அளிக்கப்பட்டது.

மௌனத்தின் விலை

துணியின் விஷயத்தில் மக்கள் மறுத்தார்கள். எல்லா விஷயத்திலும் அப்படி மறுக்க முடிந்ததா? இல்லை. மறுக்க முடியாத இடத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் காண்போம்.

பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் பல நிறுவனங்கள் மீனவர்களுக்குக் கண்ணாடியிழைப் படகுகளை வழங்கின. ஒவ்வொரு நிறுவனமும் நல்லெண்ணத்தோடுதான் வழங்கியது. ஆனால் ஒன்றை ஒன்று கலந்துகொள்ளவில்லை. இதனால் அலைக்கு முன் இருந்ததைவிடப் படகுகளின் தொகை பல இடங்களில் மிகுந்துவிட்டது. அவசரமாகக் கட்டப்பட்ட படகுகளில் சில கடலுக்குத் தாங்காதவையாய் இருந்தன. படகு மிகுந்தது, படகில் ஏறும் ஆளும் கடலில் உள்ள மீனும் மிகவில்லை. கரையில் கவிழ்ந்து கிடந்த படகுகளே இதற்குச் சாட்சியாயின.

படகின் தரத்தை மீனவரைப் போல் அறிந்தவர் யார்? பலகையைத் தட்டிப் பார்த்தே பழுதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆயினும் "இப்படகு வேண்டாம்" என்று சொல்வது அவர்களுக்கு எளிதன்று. இன்று படகை மறுத்தால் நாளை வரும் வீட்டையும் இழப்போமோ என்ற அச்சம் இருந்திருக்கும். வாங்காதவன் பெயர் அடுத்த பட்டியலில் விட்டுப்போகும் என்ற கவலை இருந்திருக்கும். எனவே மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். அந்த மௌனத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த மௌனத்திற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறந்துவிடலாகாது. அதைக் கொடுத்தவர் தரவில்லை, வாங்கியவரே தந்தார்.

தற்காலிகக் குடியிருப்புகளின் கதை சற்று வேறு. தார் பூசிய அட்டைத் தகடுகளால் அவை வேயப்பட்டன. கோடையில் உள்ளே இருக்க முடியாத வெப்பம். மக்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். சில இடங்களில் தகட்டின் மேல் கீற்று வேயப்பட்டது. முழுத் தீர்வு ஆகாவிடினும், சொன்னதால் நிழல் சிறிது கிடைத்தது.

ஒரே கரையில் நிகழ்ந்த இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பெறுபவரின் மெய்ச்சொல், கொடையைப் பழிக்கும் சொல் அன்று. கொடையைத் திருத்தும் சொல். அச்சொல்லுக்கு இடம் இருந்தால் கொடை அடுத்த முறை நேராகிறது. இடம் இல்லாவிட்டால் பிழையே பெருகுகிறது.

தில்லையின் திருவோடு

இதைப் படிக்கும்போது, "பெரியோர் காட்டிய வழி பொறுத்துக்கொள்வதுதானே?" என்று கேட்போர் இருக்கலாம். பெரியோர் வரலாற்றிலிருந்தே இரண்டு கதைகளைக் காட்டுவோம். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில் இவை உள்ளன.

தில்லையில் வாழ்ந்த குயவர் திருநீலகண்டர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பது அவர் மேற்கொண்ட தொண்டு. இறைவன் சிவயோகியாக வந்து ஓர் ஓட்டை அவரிடம் ஒப்படைத்து, பின்னர் வந்து கேட்டபோது அந்த ஓடு காணவில்லை. குயவர் மனம் பதறி, அதைவிட நல்லதொரு புதிய ஓடு தருவதாக வேண்டினார். யோகியார் ஒப்பவில்லை. பொன்னால் செய்து தந்தாலும் கொள்ளேன், நான் தந்த ஓடே வேண்டும் என்றார். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் அவைக்குச் சென்றது. மனைவியின் கைப்பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்ய வேண்டிய நிலையில், தாமும் மனைவியும் ஒருவரை ஒருவர் தீண்டாமல் வாழ்ந்துவந்த செய்தியைத் திருநீலகண்டர் அனைவரும் அறியச் சொன்னார். முதுமை நீங்கி இருவரும் இளமை பெற்றனர் என்பது வரலாறு. சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயிலும் அதன் திருக்குளமும் இன்றும் இக்கதையைச் சொல்லி நிற்கின்றன.

மற்றொருவர் அமர்நீதியார். பழையாறையைச் சேர்ந்த வணிகர்; துணியும் பட்டும் பொன்னும் மணியும் விற்றவர். அடியார்களுக்குக் கோவணமும் கீளும் கந்தையும் கொடுப்பது அவர் தொண்டு. அங்கும் இறைவன் பிரமசாரியாக வந்து ஒரு கோவணத்தை ஒப்படைத்தார், அது மறைந்தது. அமர்நீதியார் புதிய நல்ல கோவணம் ஒன்றை நீட்டினார். வந்தவர் மறுத்தார். தம்மிடமிருந்த மற்றொரு கோவணத்திற்கு நிறையொத்தது போதும் என்று துலாக்கோலில் இட்டார். வணிகர் தம் துணிகளையும் செல்வம் அனைத்தையும் மறு தட்டில் வைத்தும் நிறை ஒக்கவில்லை. தாமும் மனைவியும் மகனும் ஏறிய பின்னரே தட்டு நேர் நின்றது.

இக்கதைகளின் சமயப் பொருளைக் கூறுவது அறிஞர் வேலை. நாம் காண்பது எளிய உலகியற் பொருள். இரண்டிலும் கொடுப்பவர் நல்லவர். கொடுக்கும் பொருள் புதியது, உயர்ந்தது. இருந்தும் வாங்குபவர், "இது நான் வேண்டியது அன்று" என்று தயங்காமல் சொல்கிறார். அதைக் கேட்டுக் கொடுப்பவர் சினக்கவில்லை. "இவ்வளவு நல்லதைத் தருகிறேனே" என்று வாதாடி நிற்கவும் இல்லை. தம் கையில் குறை எங்கே என்று தேடுகிறார். கொடையை நிறுக்கும் துலாக்கோல் வாங்குபவர் கையில் இருக்கிறது. கொடுப்பவர் தம் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துப் பெருமை கொள்வதில் பொருளில்லை.

வீட்டில் சொல்லும் முறை

இனி வீட்டிற்கு வருவோம். பேரிடரில் வரும் கொடைக்கும் உறவினர் தரும் கொடைக்கும் வேறுபாடு உண்டு. முன்னது தேவைக்காகத் தரப்படுவது. அங்கே பொருள்தான் முதன்மை. பின்னது அன்பைக் காட்டத் தரப்படுவது. அங்கே மனம்தான் முதன்மை. தாய்மாமன் கடன் வாங்கியாவது எடுத்துவந்த புடவையைச் சபை நடுவே விரித்து, "கரை சிறுத்துவிட்டதே" என்பது கொடுமை. மெய்யே ஆயினும் அது சொல்லத் தகாத இடம்.

நம் வழக்கம் இதற்கு அழகான வழி வகுத்துவைத்திருக்கிறது. துணியைக் கொடுத்தால் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஓரத்தில் மஞ்சள் தடவுகிறோம். பெரியவர் காலில் விழுந்து எழுகிறோம். ஒரு முறையாவது உடுத்திக் காட்டுகிறோம். இவற்றுள் ஒன்றாவது "இந்த நிறம் எனக்குப் பிடித்தது" என்று பொய் சொல்லச் சொல்கிறதா? இல்லை. "உங்கள் மனத்தை ஏற்றுக்கொண்டேன்" என்று மட்டுமே அவை சொல்கின்றன. ஆகவே மரியாதைக்குப் பொய் தேவையில்லை. நன்றியை மனத்திற்குச் செலுத்திவிட்டு, பொருளைப் பற்றிய சொல்லைத் தக்க காலத்திற்கு ஒத்திவைப்பதே அம்மரியாதை.

ஒத்திவைப்பது வேறு, விழுங்கிவிடுவது வேறு. துணியில் சாயம் நில்லாமல் போனால் அதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கும் முறை உண்டு. விழாக் கூட்டம் கலைந்து, நாள் சில கழித்து, தனித்திருக்கும்போது, "மாமா, நீங்கள் எங்களை நினைத்து எடுத்து வந்ததே எங்களுக்குப் பெரிது. உடுத்தி ஒரு முறை நனைத்தேன். கரைச் சாயம் உடலில் ஏறிவிட்டது. எடுத்த கடையில் சொல்லிவையுங்கள், அடுத்தவருக்காவது நல்லது கிடைக்கட்டும்" என்று ஒரு மருமகள் சொன்னால் எந்த மாமன் மனம் நோவார்? அவள் அவர் அன்பைக் குறை கூறவில்லை. சாயத்தைக் குறை கூறினாள். அவர் வெட்கப்பட வழியில்லை. கடைக்காரர் திருந்த வழி உண்டு.

இதனை நான்கு விதிகளாகச் சுருக்கிக் கூறலாம். முதலில், கொடுத்த மனத்திற்கு நன்றி சொல்லுதல். இரண்டாவது, குறை கண்டால் பொருளைக் குறை சொல்லுதல், ஆளைச் சொல்லாமை. மூன்றாவது, அதைத் திருத்தக்கூடியவரிடம் சொல்லுதல். திருத்த இயலாதவரிடம் சொல்லித் தூற்றாமை. நான்காவது, இல்லாத சிறப்பை இருப்பதாகப் புகழாமை. இந்நான்கனுள் கடைசி விதியே பெரும்பாலும் மீறப்படுகிறது. பிடிக்காத புடவையைப் "பிரமாதம்" என்று புகழ்ந்தால், அடுத்த ஆண்டும் அதே கடையில் அதே புடவை வரும். பெட்டி அடியில் அது கிடக்கும். நெய்தவனுக்கும் அது தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது.

பொங்கல் பரிசும் நம் தறியும்

வீட்டுக் கொடை, பேரிடர்க் கொடை ஆகிய இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது அரசு வழங்கும் கொடை. 1983-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தை நெசவாளர் அனைவரும் அறிவர். ஏழை எளியோருக்குப் பொங்கலன்று புதுத் துணி கிடைக்க வேண்டும். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேலை கிடைக்க வேண்டும் என்னும் இரு நோக்கங்கள் இதற்கு உண்டு. நம் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றின் தறிகள் இதனால் ஓடுகின்றன.

இத்துணியைப் பெறுகிறவர் நம்மிடம் ஒன்றும் சொல்வதில்லை. விலையில்லாமல் வந்ததைக் குறை சொல்வானேன் என்று வாங்கிச் செல்கின்றனர். வீட்டில் அது புடவையாக உடுத்தப்படுகிறதா, பிள்ளைக்குத் தூளி கட்டப் பயன்படுகிறதா, நெல் மூட்டையை மூடப் பயன்படுகிறதா என்பதைப் பார்த்தால் அவர்கள் சொல்லாத சொல் நமக்குக் கேட்கும். தூளி கட்டுவதும் நற்பயன்தான். ஆனால் நாம் புடவை என்று நெய்தது புடவையாக உடுத்தப்பட வேண்டும் என்பதல்லவா நெசவாளன் விருப்பம்? இழை நெருக்கம் குறைந்தால், சாயம் சிக்கனம் செய்யப்பட்டால், நிறம் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருந்தால், உடுத்துபவர் மனம் விலகுகிறது. 2023-ஆம் ஆண்டுப் பொங்கலுக்குப் புடவையில் 15 வகைகளும் வேட்டியில் 5 வகைகளும் புதிதாக அமைக்கப்பட்டது, பெறுபவர் விருப்பத்தையும் எண்ணிப் பார்த்ததன் அடையாளம் என்றே கொள்ள வேண்டும். இலவசம் என்பது வாங்குபவருக்கு விலையில்லை என்பதே. நெய்பவனுக்குத் தரமில்லை என்பதன்று.

விவசாயிகளுக்கும் இதில் பாடம் உண்டு. 2022-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு 21 பொருள்கள் அடங்கிய பரிசுத் தொகுப்பு குடும்ப அட்டைதாரர்களுக்கு வழங்கப்பட்டது. வெல்லம் முதலிய சில பொருள்கள் சில இடங்களில் தரம் குறைந்திருந்ததாக மக்கள் வெளிப்படையாகக் கூறினர். அரசும் அக்குறைகளைக் கேட்டு நடவடிக்கைக்கு ஆணையிட்டது. அடுத்த ஆண்டு, 2023 பொங்கலுக்கு, 1,000 ரூபாய் ரொக்கமும், 1 கிலோ பச்சரிசியும், 1 கிலோ சர்க்கரையும் என்று 2022 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதில் கரும்பு இல்லை. பொங்கலை நம்பியே பன்னீர்க் கரும்பு நட்டு, தோகை உரித்து, கட்டி நிறுத்திக் காத்திருந்த விவசாயிகள் கடலூர் மாவட்டத்தில் பலர். அவர்கள் மௌனமாக இருந்திருந்தால் கரும்பு வயலிலேயே நின்றிருக்கும். "எங்கள் கரும்பு என்னாவது?" என்று பல மாவட்ட விவசாயிகளும் கேட்டார்கள், பொங்கலுக்கு முன்பே முழுக் கரும்பும் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. கேட்டதால் கொடுத்தவருக்குச் சிறுமை நேரவில்லை. கொடையே நிறைவு பெற்றது.

சங்கங்கள் செய்யத் தக்கது

கடலூர் மாவட்டம் புயலுக்கும் வெள்ளத்திற்கும் வழியாக அமைந்த நிலம். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. 2024-ஆம் ஆண்டு 'பெஞ்சல்' புயலையொட்டித் தென்பெண்ணை கரைபுரண்டது. ஒரு நாள் கொடுப்பவராக இருக்கும் நாம், மறுநாள் பெறுபவராக நிற்க நேரிடும். ஆகவே இரு பக்கத்துக்கும் உரிய ஒழுங்கை இயல்பான நாள்களிலேயே பழகிக்கொள்வது அறிவுடைமை.

கொடுக்கும் இடத்தில் நாம் செய்ய வேண்டியது, முதலில் கேட்பது. பாதிக்கப்பட்ட ஊரின் பஞ்சாயத்தாரையோ அங்குள்ள சங்கத்தையோ கேட்டு, அவர்கள் சொல்லும் பட்டியலுக்கு ஏற்ப அனுப்ப வேண்டும். துணி அனுப்புவதானால் புதியதையே அனுப்ப வேண்டும். சங்கத்துக் கையிருப்பில் உள்ள கைலியும் பருத்திப் புடவையும் போர்வையும், எண்ணிக்கையில் சிறிதானாலும், பழைய துணி மூட்டை நூறினும் மேலானவை. அவ்வாறு செய்தால் இழந்தவருக்கு மானமும் நெசவாளருக்கு வேலையும் ஒருங்கே கிடைக்கும். உடுத்தியதைத்தான் கொடுக்க முடியும் என்பவர், துவைத்து, தைத்து, மடித்து, தம் பிள்ளைக்குக் கொடுக்கக் கூசாததை மட்டும் கொடுக்கட்டும்.

பெறும் இடத்தில் நாம் செய்ய வேண்டியது, நால்வர் கூடிப் பேசி ஒரு குரலாகச் சொல்வது. தனி ஒருவர் மறுத்தால் அவர் பெயர் கெடும் என்று அஞ்சுவார். ஊராகச் சொன்னால் அச்சமில்லை. இதற்காகத்தானே சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறோம்? "அரிசி போதும், வலை நூல் இல்லை", "போர்வை வந்துவிட்டது, விதை வேண்டும்" என்று தெளிவாகவும் பணிவாகவும் எழுதி அனுப்பினால், நல்ல மனம் படைத்தவர் எவரும் அதைக் கேட்டு மகிழ்வரேயன்றி வருந்தார்.

நம் பண்டகசாலைகளிலும் துணி விற்பனைக் கூடங்களிலும் குறிப்புப் புத்தகம் ஒன்று வைப்பது பெரும்பயன் தரும். வாங்கியவரும் பரிசாகப் பெற்றவரும் துணியைப் பற்றித் தம் அபிப்பிராயத்தை அதில் எழுதட்டும். மாதம் ஒரு முறை நிர்வாகக் குழுவில் அதைப் படித்து, உரிய தறிக்காரருக்கும் சாயக்காரருக்கும் தெரிவிக்கட்டும். குறை எழுதியவருக்கு இரண்டு வரியில் நன்றி தெரிவிக்கவும் வேண்டும். நன்றி கிடைக்கும் இடத்தில்தான் மெய் மறுபடியும் பேசத் துணியும்.

நம் வட்டாரத்து வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலையில் இன்றும் பசித்து வந்தவர்க்குச் சோறு இடப்படுகிறது. இலையில் அமர்ந்தவர் கையை மறித்துப் "போதும்" என்றால் பரிமாறுகிறவர் முகம் சுளிப்பதில்லை. "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்டாலும் சுளிப்பதில்லை. சோற்றுப் பந்தியில் இயல்பாக இருக்கும் இந்தச் சுதந்திரம் துணிக்கும் படகுக்கும் கரும்புக்கும் ஏன் இருக்கலாகாது? வேண்டும், வேண்டாம், போதும் என்னும் மூன்று சொற்களையும் கூசாமல் சொல்ல இடந்தருவதே முழுமையான கொடை. அவற்றைப் பணிவோடு சொல்லத் தெரிவதே முழுமையான நன்றி. நம் அங்கத்தினர்கள் இரண்டிலும் வல்லவர்களாகத் திகழ்வார்களாக.